டொக்கு டீச்சரும் மண்டி வீட்டு உத்திரமும்

சித்தூரிலேயே, கல்யாண வீட்டுக்குப் போய் மணமக்களைப் பார்க்காமல் மேலே விட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்த ஒரே பெண்மணி டொக்கு டீச்சர்தான். மிஷன் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அழகான வேதாகமப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணில் படும் மரத்தையெல்லாம் குடைப்பிடியால் ‘டொக்கு டொக்கு’ என்று தட்டிக் காதை வைத்துக் கேட்பார். அதனால் அந்தப் பெயர்.

ஒரு துக்க வீட்டில் வீட்டுக்காரம்மா அவர் தோளில் சாய்ந்து கதறி அழுதார். டீச்சரும் அழுதார். ஆனால் ஒரு கை அந்த அம்மாளின் முதுகைத் தட்டிக்கொடுக்க, இன்னொரு கை பக்கத்திலிருந்த தூணைத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வெல்ல மண்டிக்காரர் ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முழுக்க வெல்லம். மேலே பலகைத் தரை போட்ட பெரிய கூடம். கூடத்தின் ஓரத்தில் என் அறை. மண்டிக்காரரின் மனைவியைப் பார்க்க வந்த டீச்சர், நேராக மாடியேறி என் அறைக்குள் வந்துவிட்டார்.

“தம்பி, இந்தக் கதவு சாத்துதா?”

“இல்ல டீச்சர், இடிக்குது. மழையில ஊறியிருக்கும்.”

“மழை வுட்டு எவ்ளோ நாளாவுது? கதவு ஊறலப்பா. உன் தரை எறங்கிக்கினு இருக்குது.”

பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அது யாரும் தொடாமலே அறையை விட்டு வெளியேறி, கூடத்தின் நடுவில் போய் நின்றது. அன்று முதல் நான் சுவரை ஒட்டியே நடந்தேன்.

கீழே மண்டியில் மூட்டைகள்மேல் ஏறி நின்று, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டினார். மற்ற இடங்களில் ‘டொக்கு’ என்றது அங்கே ‘பொத்’ என்றது.

“ஏமி டீச்சரம்மா, இது எங்க தாத்தா போட்ட உத்திரம். ஒண்ணும் ஆவாது” என்றார் மண்டிக்காரர்.

டீச்சர் கொண்டை ஊசியை உருவிக் குத்தினார். வாழைப்பழத்தில் இறங்குவதுபோல் அது முழுக்க உள்ளே போனது. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. “பலகைய கட்டை தாங்குது, கட்டைய உத்திரம் தாங்குது, உத்திரத்த செவுரு தாங்குது. செவுத்துல தண்ணி எறங்கி இந்த மொனையே உளுத்துப்போச்சி. நடுவுல எவ்ளோ கெட்டியா இருந்து இன்னா பண்றது? மொதல்ல முட்டுக் கொடுங்க.”

“ஞாயித்துக்கிழமை மேல கூடத்துல மீட்டிங். அது முடியட்டும், பாக்கலாம்” என்றார் மண்டிக்காரர்.

ஆந்திர மாநிலம் பிரிந்த புதிது. எங்கள் ஊர்ப்பக்கம் ஆந்திராவோடா, சென்னையோடா என்று டீக்கடை தவறாமல் சண்டை. அதைச் சமாதானமாகப் பேசத்தான் அந்த மீட்டிங். தமிழ்ப் பக்கத்துக்கு என் வக்கீல். தெலுங்குப் பக்கத்துக்கு ஒரு டாக்டர். இருவருக்கும் தொப்பை ஒரே அளவு. கூடம் நிரம்பி வழிந்தது. சமாதானம் சூடுபிடித்ததும் இரு தரப்பும் தரையைக் காலால் உதைத்துப் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் நான் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

சர்ச் முடிந்து அந்த வழியாக வந்த டீச்சர் மண்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். உத்திரத்தின் முனையிலிருந்து வெல்லத்தின்மேல் மண் கொட்டிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடிவந்தார்.

“யாரும் குதிக்காதீங்க! உத்திரம் கயண்டுக்கினு இருக்குது. செவுத்தோரமா நடந்து கீழ எறங்குங்க!”

வக்கீல் அசையவில்லை. “அவங்க மொதல்ல எறங்கட்டும். நாங்க எறங்கினா ஊரையே வுட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்.”

“மேமு முந்து திகம்!” என்றார் டாக்டர். நாங்களும் முதலில் இறங்க மாட்டோம் என்று அர்த்தம். அன்று இரு தரப்பும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

காலடியில் ‘கிறீச்’ என்றது. கூடம் கப்பென்று அடங்கியது.

“எந்த ஸ்டேட்டுக்குப் போனா இன்னா? இப்ப எல்லாரும் வெல்லத்துக்குள்ளதான் போவப்போறீங்க!” என்ற டீச்சர், வக்கீலின் கையைப் பிடித்து இழுத்து டாக்டரின் கைக்குள் வைத்தார். “இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஜோடி ஜோடியா கையப் புடிச்சிக்கினு எறங்குங்க. யாரும் பேசக்கூடாது!”

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இறங்கினார்கள். குறுகலான படிக்கட்டில் வக்கீலும் டாக்டரும் பக்கவாட்டில் திரும்பி, தொப்பையோடு தொப்பை உரச, கைகோத்தபடியே தெருவுக்கு வந்தார்கள். தெருவில் காத்திருந்த கூட்டம் அதைப் பார்த்து, சமாதானமே ஆகிவிட்டது என்று கைதட்டி ஆரவாரம் செய்தது. யாரோ மாலை வாங்கி வந்து இருவர் கழுத்திலும் போட்டார்கள். எல்லைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற சேதி சாயங்காலத்துக்குள் பலமனேர் வரை போய்விட்டது.

மேலே மிஞ்சியது நானும் டீச்சரும்தான். நான் பெட்டியை எடுக்க அறைக்குத் திரும்பினேன்.

“பொட்டி கெடக்கட்டும், நீ வாடா!” என்று கத்தினார். பெட்டியை அப்படியே விட்டேன். நான் சுவரைப் பிடித்துப் படிக்கு வந்து சேரும்வரை அவர் அங்கேயே நின்று, என்னை முன்னால் விட்டுப் பின்னால் இறங்கினார். நாங்கள் தெருவில் கால் வைத்ததும் உள்ளே ‘மடார்’ என்று ஒரு சத்தம். கூடத்துத் தரை பெஞ்சுகளோடு வெல்லத்தின்மேல் உட்கார்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வக்கீலும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். எல்லை எங்கே என்பதைப் பிற்பாடு பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து எனக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது டீச்சர், “வீடு பாத்தா எனக்குச் சொல்லி அனுப்பு. நான் வந்து பாத்தப்புறம் குடி போ” என்றார்.

வீடு கிடைத்ததும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, சத்திரத்திலேயே காத்திருந்தேன். அது தரை, சுவர், கூரை எல்லாமே கல்லாலான வீடு. வாசற்கதவைத் தவிர ஒரு மரத்துண்டு கிடையாது. தெரிந்தால் டீச்சர் வராமல் இருந்துவிடுவாரோ என்று, கண்டக்டரிடம் அதை மட்டும் நான் சொல்லவில்லை.