நயினாதீவுக் கடலில் மிதந்த என் இடது பக்கம்

மனித உடம்பில் இரண்டிரண்டாக இருக்கிற எதுவும் ஒன்றைப்போல மற்றது இருப்பதில்லை. காது, புருவம், பாதம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். ஊர் முழுக்கத் தெரிந்த இந்த விஷயம் இருபத்துநாலு வயதுவரை எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. இத்தனைக்கும் நான் யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில், சுருவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். (என்னிடம் படித்த பிள்ளைகள் பிறகு எப்படிப் பாஸ் பண்ணினார்கள் என்று கேட்காதீர்கள்.)

என்னுடைய இடது மார்பு வலதைவிடச் சின்னது. விஷயம் இவ்வளவுதான். இன்றைக்கு ஒரு வரியில் எழுதிவிட்டேன், அன்றைக்கு அது அரசாங்க இரகசியம். யாரிடமும் கேட்க வழியில்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் கழுத்துக்குக் கீழே அடுத்து வருவது வயிறுதான், நடுவில் இருப்பதற்குப் பெயரே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாலூட்டிகள் பாடம் வந்தால் நான் திமிங்கிலத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லிவிட்டு மணி அடித்ததும் வெளியேறிவிடுவேன்.

இருபத்திரண்டு வயதில் ஒரு கலியாண வீட்டுக்காக இறுக்கமாகச் சட்டை தைத்துப் போட்டபோதுதான் வித்தியாசத்தை முதலில் கவனித்தேன். உடனே எனக்குள் இருந்த விஞ்ஞான ரீச்சர் விழித்துக்கொண்டு காரணம் தேடினாள். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் நெடுந்தூரம் நடக்கவேண்டும். நான் குடத்தை எப்போதும் இடது இடுப்பில்தான் வைப்பேன். குடத்தின் கழுத்து இடது பக்கத்தை அழுத்துகிறது, அழுத்தினால் எதுவும் சப்பளியும். ஆகவே குடம்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

தீர்ப்பு வந்தபிறகு வைத்தியமும் வேண்டுமல்லவா? குடத்தை வலது இடுப்புக்கு மாற்றினேன். வலதும் கொஞ்சம் சப்பளிந்தால் கணக்குச் சரி என்பது திட்டம். பழக்கமில்லாத இடுப்பு குடத்தைத் தாங்கவில்லை. பாதித் தண்ணீர் வழியெல்லாம் ஊற்றும், மீதி என் சேலையில் ஊறும்.

"குடத்திலை தண்ணி கொண்டு வாறியோ, சீலையிலை கொண்டு வாறியோ?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒரு வருடம் விடாமல் வைத்தியம் செய்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. வேறு ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதுதான் சரவணையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தபிறகு ஊரோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை இப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். நான் அவரை ஏற்கெனவே கண்டிருக்கிறேன். சீனி நிறுக்கும்போது தட்டு சமமாக நின்றபிறகும் ஒரு பிடி மேலே போடுகிற மனிதர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆகவே பயமும் அந்த அளவுக்கு இருந்தது. கலியாணம் முடிந்து, அவர் கண்டுபிடித்து, பழுதான சாமான் என்று சொல்லிவிட்டால்? எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என்னைத் திருப்பி அனுப்ப முடியாது, அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போகவேண்டும். ஊரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும்.

பெண் பார்ப்பது நயினாதீவு அம்மன் கோயிலில் என்று முடிவாயிற்று. இரண்டு வீட்டாரும் "தற்செயலாக" ஒரே வெள்ளிக்கிழமை கும்பிட வருவார்கள், "தற்செயலாக" சந்திப்பார்கள். அதற்கு முதல் நாள் நான் என் தலையணையை ஒரு மூலையில் பிரித்து இலவம்பஞ்சு எடுத்தேன். அப்பாவின் பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அளவு ஒரு மெத்தை தைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத் தையலில் கொஞ்சம் தலைக்கனம். வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று நடுவில் ஒரு ரோசாப்பூவும் இரண்டு இலையும் போட்டேன். (யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்போதே என்னை நானே கேட்டிருக்கவேண்டும்.)

அடுத்த நாள் அம்மா, மாமா, நான் மூவரும் குறிகட்டுவான் துறையில் மோட்டர் வள்ளம் ஏறினோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எதற்கும் முதலில் சத்தம் போட்டுவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆள். மெத்தை இடது பக்கம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு வலது பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்பது என்று தீர்மானித்திருந்தேன்.

நயினாதீவு இறங்குதுறையில் அவர்கள் ஏற்கெனவே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு குடை. பக்கத்தில் அவருடைய பெரியம்மா, தாயில்லாத பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்கா, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நான் வலது பக்கத்தை அவர்களுக்குக் காட்டியபடி வள்ளத்தின் விளிம்பில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். முன்னால் பார்க்காமல் பக்கவாட்டில் நடக்கிறவளுக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. துறைப் படிக்கும் வள்ளத்துக்கும் இடையில் தொபுக்கென்று கடலில் விழுந்தேன்.

தண்ணீர் நெஞ்சளவுதான். வள்ளக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்து மேலே இழுத்தார். கை மேலே போகச் சட்டையும் மேலே போயிற்று. அந்த இடைவெளியில் மெத்தை நழுவி வெளியே வந்தது. இலவம்பஞ்சு தண்ணீரில் தாழாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் இடது பக்கம் ரோசாப்பூவோடு ஆடி ஆடி மிதந்தது.

குண்டுப் பயம் பிடித்த அந்த நாட்களில் சொந்தக்காரர் இல்லாத ஒரு பொதியைக் கண்டால் எங்கள் ஆட்கள் நடந்துகொள்ளும் முறையே வேறு.

"பொதி! பொதி மிதக்குது! ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!" என்று மாமா கத்தினார்.

இறங்குதுறை அரை நிமிடத்தில் வெறுமையாயிற்று. அர்ச்சனைத் தட்டோடு ஓடினவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள், மற்றவர்களின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்களும் உண்டு. ஓடாமல் நின்றவர் மாப்பிள்ளை ஒருவர்தான். குனிந்து குடையின் வளைந்த பிடியால் அதைக் கொளுவி எடுத்தார். உதறினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளை என்னவோ அடைஞ்சிருக்கு" என்றார்.

"வெட்டிப் பாரும் தம்பி!" என்று தூரத்திலிருந்து மாமா கட்டளையிட்டார். வள்ளக்காரர் கத்தியை நீட்டினார்.

"ஐயோ, வெட்டாதேங்கோ! அது என்ரை!"

இது நான். நனைந்த சேலையோடு, இறங்குதுறை நடுவில் நின்று, முழுச் சத்தத்தில்.

பெரியம்மா வந்து அதை வாங்கினார். பூவைத் தடவினார், அமுக்கிப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது பச்சைப்பிள்ளையின்ரை தலையணை எல்லோ? ஆரின்ரை பிள்ளை?" என்றார்.

அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. மாமா வாயைத் திறந்தார், முதல் தடவையாகச் சத்தம் வரவில்லை. எனக்கு அப்போதுதான் நிலைமை புரிந்தது. ஒரு பக்கம் சின்னது என்று சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் எனக்கு எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கிறது என்றாகும்.

உடுப்பு மாற்றவென்று கோயில் மடத்தில் ஓர் அறை தந்தார்கள். அம்மா, பெரியம்மா, நேர்ஸ் அக்கா மூவரும் என்னோடு உள்ளே வந்தார்கள். பெரியம்மா கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சொல்லும் பிள்ளை. ஆரின்ரை?"

"பிள்ளை ஒண்டும் இல்லை" என்றேன். அதற்குமேல் மறைக்க என்னிடம் தெம்பில்லை. "எனக்கு ஒரு பக்கம் சின்னன். அதுக்கு வைச்சனான்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

பெரியம்மா மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கோ?" என்றார். "அடி விசரி, இதுக்கோ கடலுக்குள்ளை குதிச்சனி?"

"குதிக்கேல்லை, விழுந்தனான்."

"எனக்கு வலது சின்னன். ஐஞ்சு பிள்ளையள் குடிச்சதுகள், ஒண்டாவது குறை சொன்னதோ?"

நேர்ஸ் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் ஒரே அளவா ஆருக்கு இருக்கு? நான் ஆஸ்பத்திரியிலை எத்தினை பேரைப் பாக்கிறன். ஒருத்திக்கு உருண்டை, ஒருத்திக்கு நீட்டு, ஒருத்திக்குத் தட்டை. ஒருத்திக்கு விலகி நிக்கும், ஒருத்திக்குக் கிட்ட நிக்கும். பிறவி உடம்பு வாட்டம், ஆளுக்கு ஆள் வேறதான்" என்றார்.

"ஒருத்திக்கே எல்லா நாளும் ஒரே மாதிரி நிக்காது" என்று பெரியம்மா தொடர்ந்தார். "கலியாணத்துக்கு முன்னம் எனக்கு ஒரு மாதிரி, பிள்ளை வயித்திலை வரேக்கை வேற மாதிரி, பால் மறந்த பிறகு இன்னொரு மாதிரி. கடை எரிஞ்ச வருசம் நான் மெலிஞ்சு போனன், முதல் மெலிஞ்சது அதுதான். இப்ப வயசுக்குத் தக்கனையாத் தொங்குது. விடு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் குடம் ஆராய்ச்சியைச் சொன்னேன். (ரீச்சர் என்றால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் விடக்கூடாது.) நேர்ஸ் அக்கா சுவரில் சாய்ந்துவிட்டார்.

"குடத்தாலை தேயுமெண்டால் தீவிலை ஒருத்திக்கும் இடுப்பே மிஞ்சியிராது! குடத்தாலையும் வராது, சரிஞ்சு படுக்கிறதாலையும் வராது. ஆனா ஒண்டு கேளும். முந்தியே அப்பிடியெண்டால் ஒண்டுமில்லை. இருந்தாப்போலை மாறினால், கட்டி தட்டுப்பட்டால், தோல் உள்ளுக்கு இழுத்தால், வெக்கப்படாமல் வந்து காட்டோணும்."

இவ்வளவு நேரமும் மூலையில் நின்ற அம்மா திடீரென்று வாய் திறந்தார். "இது எங்கட பக்கத்து வாட்டம் இல்லை. இவளின்ரை தேப்பன்ரை தங்கச்சிக்கும் இப்பிடித்தான்."

"அதென்ன, இருந்தால் குறையோ?" என்று பெரியம்மா இடுப்பில் கை வைத்தார். "எங்கட ஆக்களுக்கு இதைவிட வித்தியாசம் இருக்கு!"

"எங்கட ஆக்களுக்கும் குறைவில்லை! எனக்கும் இருக்குத்தானே!" என்றார் அம்மா, ரோசத்தில்.

நான் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தேன். "உங்களுக்கும் இருக்கோ? ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?"

இப்படியாக இரண்டு குடும்பங்களும் எந்தப் பக்கத்து ஏற்றத்தாழ்வு பெரியது என்று மும்முரமாக வாதாடிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து மாமா கதவைத் தட்டினார். "பிள்ளை இருக்கோ, இல்லையோ? ஒரு முடிவு சொல்லுங்கோ!"

"பிள்ளை ஒண்டும் இல்லை! எங்களுக்குப் பொம்பிளை சம்மதம்! மிச்சம் உமக்கு விளங்காது!" என்று பெரியம்மா உள்ளிருந்தே கத்தினார்.

எனக்கு ஆறுதல் வந்தது, ஆனால் பாதிதான். அந்த மனிதருக்குத் தெரியாதே. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பெரியம்மா கதவைத் திறந்து முற்றத்துக்குப் போய், மாமாவும் இன்னும் நாலு அந்நியர்களும் கேட்க, தம்பி இது இன்ன சாமான், இன்ன பக்கத்துக்கு, இன்ன காரணத்துக்கு என்று ஒப்புவித்துவிட்டார். மாமா உடனடியாகச் சாமி கும்பிடப் போய்விட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது, தீவில் நிலம் அவ்வளவு இலகுவில் பிளக்காது.

மாப்பிள்ளை காது வரை சிவந்து குடையைப் பார்த்தார். பிறகு தூணுக்குக் கிட்ட வந்தார்.

"உமக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் வைச்சுக்கொண்டு வந்திருக்கலாமே."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அந்த இடத்திலேயே என் மனதில் கலியாணம் முடிந்துவிட்டது. முறைப்படி தாலி ஏறியது இரண்டு மாதம் கழித்துத்தான்.

அன்று மடத்து அறையில் தொடங்கிய பேச்சு பிறகு நிற்கவே இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் குசினியில் கூடினால் கழுத்துக்கும் வயிற்றுக்கும் இடையில் இருப்பதைப் பற்றி அரிசி விலைபோலக் கதைப்பார்கள். சில வருடங்கள் கழித்து நாங்கள் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருந்தோம். ஒரு காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மா, துருவுவதை நிறுத்தாமலே சொன்னார்: "பிள்ளை, என்ரை வலது இப்ப வேற மாதிரிக் கிடக்கு. தோல் உள்ளுக்கு இழுக்குது."

நேர்ஸ் மச்சாள் அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வலது பக்கத்தை எடுக்கவேண்டி வந்தது. நேரத்தோடு வந்தது நல்லது என்று டொக்டர் சொன்னாராம். பலர் வெட்கத்தில் வருடக்கணக்காக மூடி வைத்திருந்துவிட்டுக் கடைசியில்தான் வருவார்களாம். நான் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்த பெரியம்மாவுக்கு நான்தான் மெத்தை தைத்துக் கொடுத்தேன், நல்ல இலவம்பஞ்சில், அளவு பார்த்து. பிறகு தீவுக்குப் போய்வரக்கூடிய காலம் வந்ததும் பெரியம்மா, நேர்த்திக்கடன் வைத்திருக்கிறேன், நயினாதீவு அம்மனிடம் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். குறிகட்டுவானில் கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. என் கணவர் ஒரு கையைப் பிடிக்க, நான் மறு கையைப் பிடிக்க, வள்ளத்தில் இருந்த எல்லோரும் "கவனம் ஆச்சி, கவனம்" என்று பதறினார்கள். பெரியம்மா இரண்டு கைகளையும் உதறிவிட்டு, வலது பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, தானே வள்ளத்தில் ஏறினார். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யார் வள்ளத்தில் ஏறினாலும் சொல்லிவிட்டு ஏறுகிற வசனம் அன்று அவர் சொன்னதுதான்:

"பயப்பிடாதேங்கோ. நான் விழுந்தாலும் தாழமாட்டன்."