அய்யனாரைக் கேட்டு டிராக்டரை விற்கப் போன கதை

தப்பு செய்ததற்காக நான் பெரிதாக வெட்கப்பட்டதில்லை. அதை மறைக்கப் போய் மாட்டிக்கொண்டதற்குத்தான் வெட்கப்பட்டிருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஏரிக்கரை அய்யனார் கோவிலில், ஊர் பார்க்க மாட்டினேன். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் என்பதால் இன்றுவரை ஒருத்தருக்கும் மறக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு (ஆமாம், மெக்கானிக்கல்தான், சிரிக்காதீர்கள்) குரும்பலூர் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டில் தங்கி, அவளுடைய பழைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா இறந்த பிறகு அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் உழவு ஓட்டி, அந்த வருமானத்தில் மகளைத் திருச்சியில் நர்சிங் படிக்கவைத்தாள் அக்கா. வண்டிக்கு ஒரே சீக்கு, ரேடியேட்டர் ஒழுகும். "தண்ணி இருக்கான்னு பார்த்துட்டு எடுடா" என்று அக்கா தினமும் சொல்வாள். "நான் டிப்ளமாக்கா, எனக்குத் தெரியாதா?" என்று நானும் தினமும் சொல்வேன்.

ஆடி மழை பெய்து ஊரே உழவுக்கு முண்டியடித்த அன்று, டிப்ளமா தண்ணீர் பார்க்கவில்லை. போனில் நண்பனோடு கிரிக்கெட் சண்டை போட்டபடி பாதிக் கொல்லைக்காட்டை உழுதிருப்பேன். முன்னால் குபுகுபுவென்று ஆவி வந்தது. எஞ்சின் முனகியது, இழுத்தது, நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்போதாவது அக்காவிடம் ஓடியிருக்கலாம். நானோ எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பக்கத்துத் தொட்டியில் மொண்டுவந்து ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, சிந்தியதைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் போன் போட்டேன்.

"அக்கா, வண்டி திடீர்னு நின்னுருச்சு. வயசாயிடுச்சுல்ல."

எங்கள் பக்கத்து டிராக்டர்களுக்கெல்லாம் வைத்தியர் காதர் பாய்தான். வந்தவர் ஃபேனைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் தளும்பியது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு தங்கச்சி. ஹெட்டைக் கழட்டி உள்ள பார்த்தா ஏன்னு தெரிஞ்சிடும். அல்லா புண்ணியத்துல சரிபண்ணிடலாம். ஆனா செலவு இழுக்கும்."

ஏன் என்று தெரிந்துவிடும் என்றாரே, ஹெட்டைக் கழற்றவே விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். அந்த நிமிஷத்திலிருந்து, விற்றுவிடலாம் என்ற கட்சிக்கு ஊரிலேயே பெரிய வக்கீல் நான்தான். பழைய இரும்பு எடுப்பவரை அரியலூரிலிருந்து நானே வரவழைத்தேன். "செத்த வண்டிக்கா இது. இதுல போட்டா அம்புட்டும் வீண்" என்று வேளாவேளைக்கு ஓதினேன். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சரிபண்ணினால் கையிலிருப்பதெல்லாம் கரைந்துபோகும். விற்றால் நாளையிலிருந்து அவள் களையெடுக்கக் கூலிக்குப் போக வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓதினேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

நாலாம் நாள் அக்கா சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் புரியலடா தம்பி. அய்யனாருகிட்ட பூ கேட்டுருவோம்."

எங்கள் பக்கத்தில் குழப்பம் முற்றினால் இதுதான் வழி. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரிபண்ணுவது, சிவப்பு வந்தால் விற்பது என்று முடிவாயிற்று. "நான் மடிக்கிறேன்க்கா" என்று முந்திக்கொண்டேன். கோவிலுக்குப் பின்னால் போய், வெள்ளை நந்தியாவட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்து நாரால் கட்டினேன். (அய்யனார் முன்பக்கம்தானே பார்க்கிறார் என்று மனசுக்குச் சமாதானம் வேறு.)

அக்கா எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, சாமி சொல்லிட்டாரு" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்றும் யோக்கியன். ஆனால் எடுக்காத பூவையும் சாமி காலடியில் வைப்பது பூசாரியின் வழக்கமாம். எனக்கு யார் சொன்னது? மிச்சப் பொட்டலத்தையும் பிரித்தார். அரளி!

மாட்டினோம் என்று நினைத்தேன். அதுதான் இல்லை.

"அய்யனாரே! வெள்ளை செவந்து போச்சே!" என்று கத்தினார் பூசாரி.

கோவிலே கிடுகிடுத்தது. குலவை போட்டார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். ஒரு அம்மா பொட்டலத்து இலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் திருட்டு அற்புதமாகிவிட்டது. நானும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (எவ்வளவு துணிச்சல், பாருங்கள்.)

அக்கா மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளையே செவக்குற அளவுக்கு நான் என்ன பாவம் பண்ணேன் சாமி? அவரையும் எடுத்துக்கிட்ட, இப்ப இதையும் எடுத்துக்குற. என் மேல உனக்கு அவ்ளோ கோவமா?"

மாமா இறந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. எனக்குத் தாங்கவில்லை. பையிலிருந்து நந்தியாவட்டையை எடுத்தேன். கசங்கிப் போயிருந்தது.

"சாமி இல்லக்கா, நான்தான். ரெண்டுலயும் அரளி வெச்சேன். அன்னைக்கு வண்டிக்குத் தண்ணியும் பாக்கல. நின்ன பொறவுதான் ஊத்துனேன்."

எல்லோரையும்விடப் பூசாரியின் முகம்தான் அதிகம் தொங்கியது. அக்கா எழுந்து வந்து விட்டாள் ஒரு அறை.

"எஞ்சின் போனா பாய் இருக்காருடா. சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டியிருப்பேன், அம்புட்டுதான். சாமியே என்னைய வெறுத்துடுச்சுன்னு ஆயுசு பூரா நெனச்சுக்கிட்டுல்ல இருந்திருப்பேன்!"

ஒரு பழைய வண்டியைச் சரிபண்ணலாமா வேண்டாமா என்று அவள் நாலு நாள் தவித்தாள். அதற்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே விஷயத்தை நான் என்னிடமே வைத்துக்கொண்டிருந்தேன்.

செய்தி கேட்ட காதர் பாய் சிரித்தார். "ஒழுகுற ரேடியேட்டர்ல அவ்ளோ தண்ணி பார்த்தப்பவே எனக்கு சந்தேகம் தங்கச்சி. வண்டி நல்ல வண்டி. வயசால நிக்கல, இவனால நின்னுச்சு. தைரியமா செலவு பண்ணு."

அக்கா அந்த நிமிஷமே ஹெட்டைக் கழற்றச் சொல்லிவிட்டாள். வேலை முடியும்வரை பாய்க்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த டிப்ளமா நான்தான். வண்டி இன்னும் ஓடுகிறது. மகளும் நர்ஸாகிவிட்டாள்.

போன வருஷம் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பூ கேட்டு, வெள்ளை வந்தால் முடிக்கலாம் என்றார்கள். "தாராளமா கேப்போம்" என்ற அக்கா, என்னைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து, சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏற்றி, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கோவிலுக்குப் போனாள். உடையார்பாளையம் தாண்டும்போது போன் வந்தது.

"வெள்ளை வந்துருச்சுடா தம்பி. நீ இப்ப வூட்டுக்கு வரலாம்."