நாணயப் பொட்டு

மிகைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆறு இருந்தது, வயல் இருந்தது, மாதம் மும்மாரி பெய்வதாக அரண்மனை அறிக்கையும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: கஜானாவில் காசு.

மன்னர் வாரிவழங்கியார் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கைக்கு வந்ததை உடனே யாருக்காவது கொடுத்துவிடுவார், பெரும்பாலும் தமக்கே. ஏரி நடுவே ஒரு நீராழி மாளிகை கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் அங்கே ஏரி இல்லை என்பது தெரிந்தது. ஆகவே ஏரியையும் வெட்டினார். ஏரியில் தண்ணீர் வராததால் ஆற்றைக் கொஞ்சம் வளைத்தார். இவற்றுக்கெல்லாம் வணிகர்களிடம் வாங்கிய கடனைக் கட்ட, வேறு வணிகர்களிடம் கடன் வாங்கினார்.

அந்த நாட்டின் அரண்மனை முரசறைவோன் பெயர் வீரணன். பெயரில் மட்டும் வீரம். ஊர் முழுக்கக் கேட்கும் குரல் அவனுக்கு. வீட்டுக்குள் வந்தால் அது பூனைக் குரலாகிவிடும். மன்னர் நினைப்பதை மக்களுக்குச் சொல்வது அவன் வேலை. பிரச்சினை முரசுதான். ஆளைவிடக் கனமான அதைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் போய் வந்ததில் இடது தோள் ஒரு சாண் இறங்கிவிட்டது. முரசு சுமக்க ஒரு கழுதை வாங்க வேண்டும் என்பது அவன் வாழ்நாள் கனவு. அதற்காக அவன் மனைவி சிலம்பாயி பல வருடங்களாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நிதியமைச்சர் கணிதசிகாமணி அரசவையில் எழுந்து நின்றார். கடல் கடந்து படித்தவர். எளிதில் புரியும் எதையும் அவர் பேசியதில்லை.

"மன்னர் மன்னா! நாட்டின் வறுமைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். மக்கள் வெற்றிலை போடுகிறார்கள்."

"அப்படியா! இத்தனை நாள் என் கண்முன்னேயே மென்றுகொண்டிருந்தார்களே!" என்று மன்னர் வருந்தினார்.

மறுநாள் வீரணன் முரசு அடித்தான். "வெற்றிலையை விடுங்கள்! மிச்சமாகும் காசைச் சேருங்கள்! முப்பது வருடத்தில் வீடு கட்டுங்கள்!"

மக்கள் சொல் கேட்கும் மக்கள். வெற்றிலையை விட்டார்கள். அந்த ஊக்கத்தில் பூவை விட்டார்கள், பலகாரத்தை விட்டார்கள், பண்டிகைக்குப் புதுத்துணியை விட்டார்கள். மூன்றே மாதத்தில் சந்தை படுத்துவிட்டது. வெற்றிலை விற்ற மூக்காயியிலிருந்து துணி நெய்தவர்கள் வரை எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சந்தை வரி வராததால் கஜானாவில் எலி ஓடியது. பிறகு அதுவும் வேறிடம் தேடிப் போயிற்று.

அமைச்சர் மீண்டும் எழுந்தார். "மன்னா, மக்கள் பேராசையோடு சேமித்துவிட்டார்கள். படுத்துக்கிடக்கும் காசு நோயாளி; அதை எழுப்பி நடக்கவிட வேண்டும். கடன் வாங்குபவனே நாட்டை நம்புபவன். அப்படி நம்புபவர்களின் நெற்றியில் அரசு ஒரு சிவப்புப் பொட்டு வைக்கும். நாணயப் பொட்டு! ஒரு கடனுக்கு ஒரு பொட்டு. பொட்டு இல்லாதவனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது."

வீரணன் அதையும் அறிவித்தான். ஊர் சிவந்தது. கடன் வாங்கிய சம்பந்தி வீட்டாரை ஆரத்தி எடுத்து வரவேற்றார்கள். "மாப்பிள்ளைக்கு எத்தனை பொட்டு?" என்று கேட்ட பிறகே பெண் கொடுத்தார்கள். மன்னரின் மைத்துனர் பொன்னம்பலவாணருக்கு நெற்றியில் இடம் போதவில்லை. கன்னம், கழுத்து என்று பொட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. அவர்தான் நாட்டிலேயே அதிக நாணயமானவர் என்று அவையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சிலம்பாயி சேர்த்த காசு கழுதை விலையை எட்டியது. வீரணன் மூட்டையை இடுப்பில் முடிந்துகொண்டு சந்தைக்கு ஓடினான். சாம்பல் நிறத்தில், நீண்ட காதுகளோடு ஒரு பெண் கழுதை. பார்த்ததும் அவனுக்குத் தோள்வலியே குறைந்தது.

கழுதை வியாபாரி வெங்கிடு காசைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தான்.

"அண்ணே, பொட்டு எங்க?"

"இல்லப்பா. நான் யாருட்டயும் கடன் வாங்கினதில்ல. முழுக் காசும் கையில இருக்கு, எண்ணிக்க."

வெங்கிடு இரண்டடி பின்வாங்கினான். "கடனே இல்லாத ஆளா? உங்கள நம்பி நான் எப்படிண்ணே கழுதையக் குடுப்பேன்? சட்டம் என்னைய உள்ள தூக்கி வச்சிரும். போயி ஒரு கடன வாங்கிட்டு கௌரவமா வாங்க."

வீரணன் நேரே அரசின் கடன் மண்டபத்துக்குப் போனான். அமைச்சரே அங்கே வீற்றிருந்தார்.

"சாமி, ஒரு கடன் வேணும்."

"எதன் பொருட்டு?"

"பொட்டுக்குத்தான் சாமி."

"உன் தேசபக்தி போற்றத்தக்கது. ஆனால் கஜானாவில் பணம் இப்போது பணத்தின் வடிவில் இல்லை. நம்பிக்கையின் வடிவில் இருக்கிறது." அமைச்சரின் பார்வை கீழே இறங்கியது. "இடுப்பில் என்ன முடிச்சு?"

"கழுதை வாங்கச் சேத்த காசுங்க."

அமைச்சர் முகம் மலர்ந்தது. "சிக்கல் தீர்ந்தது! இதை நீ அரசுக்குக் கடனாகக் கொடு. நூற்றுக்கு நான்கு வட்டி தருவோம். பிறகு இதையே அரசு உனக்குக் கடனாகக் கொடுக்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு நீ தருவாய். வருகிற ஆடி முதல் நாள் இருதரப்பும் தீர்க்க வேண்டும்."

முடிச்சு வீரணன் கையிலிருந்து அமைச்சர் கைக்குப் போயிற்று, ஒரு மூச்சு விடும் நேரம் அங்கே இருந்தது, திரும்பி வந்தது. கூடவே அரசு அவனுக்குக் கடன்பட்டிருப்பதாக ஓர் ஓலையும், நெற்றியில் ஒரு பொட்டும் கிடைத்தன. அவன் கழுதையோடு வீடு திரும்பினான்.

நடந்ததைக் கேட்ட சிலம்பாயி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் நழுவி விழுந்தது. "நம்ம காச நமக்கே குடுத்து, அதுக்கு வட்டியும் வாங்குவாகளாமா? பொழைக்கத் தெரிஞ்சவுக!" பிறகு கழுதையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "சரி, இதுவாச்சும் நெசம். ராசாத்தின்னு கூப்புடுவோம்."

ராசாத்தி முரசு சுமந்தாள். வீரணனின் தோள் மெல்ல மேலேறியது. வாழ்க்கை இனித்தது. ஆடி பிறந்தது.

ஆடியில் யாராலும் கடன் கட்ட முடியவில்லை. பொட்டுக்காக வாங்கிய கடனை, வேறு பொட்டு வாங்கி அடைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் கையை விரித்தார்கள். வீரணனிடமும் காசு இல்லை. அது நான்கு காலோடு கொட்டிலில் புல் தின்றுகொண்டிருந்தது. அமைச்சர் அடுத்த ஆணையைப் பிறப்பித்தார்: "தவணை தவறியவர் எவராயினும், அவர் வாசலில் முரசறைந்து, பெயர் சொல்லி, நாணமுறச் செய்யப்படுவார். ஏழு நாளில் கட்டாவிட்டால் உடைமை ஏலம். முரசறையத் தவறும் முரசறைவோன் பதவி இழப்பான்." 'எவராயினும்' என்ற சொல்லை அவர் தாமே சேர்த்தார். கம்பீரமாக இருந்ததாம்.

வீரணன் தெருத்தெருவாகப் போனான். மூக்காயி வாசலில் அடித்தான். வெங்கிடு வாசலில் அடித்தான். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கழுதையின் காதைப் பார்த்துக்கொண்டே பெயர்களைச் சொன்னான். மைத்துனர் மாளிகைக்குப் போனபோது பூட்டியிருந்தது. அவர் கடல் கடந்து தீர்த்த யாத்திரை போயிருப்பதாகக் காவலாளி சொன்னான். மாளிகையில் மிச்சம் இருந்தவன் காவலாளி மட்டுமே.

கடைசியில் தன் வாசலிலும் நின்று அடித்தான். "இந்த வீட்டுக்காரன் வீரணன், வாங்கிய கடனைக் கட்டாதவன்!"

சிலம்பாயி வாசலுக்கு வந்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை. "ஏழு நாள் கழிச்சு ராசாத்தியப் பிடிச்சிட்டுப் போயிருவாக. அப்படித்தான?"

"சட்டம் அப்படித்தான் புள்ள."

"நமக்குக் குடுக்க வேண்டியவுக குடுத்தாகளா?"

"யாரு?"

"ஓலைய எடுத்துப் பாருங்க. அவுகளுக்கும் ஆடி ஒண்ணுதான கெடு? எல்லார் வாசல்லயும் அடிச்சீக. நம்ம வாசல்லயும் அடிச்சீக. ஒரு வாசல் பாக்கி நிக்குதே."

வீரணன் முரசுக் கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "ஏ, தலை போயிரும்!"

"அடிக்காட்டி வேல போயிரும்னு நீங்கதான தெருவெல்லாம் கத்துனீக?"

வீரணன் தலையா வேலையா என்று யோசித்தான். வேலை போனால் சிலம்பாயி முகத்தில் விழிக்க வேண்டும். தலை போனால் அந்தத் தொல்லை இல்லை. ராசாத்தியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரண்மனையை நோக்கி நடந்தான். எங்கே போகிறான் என்பது புரிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கிப் பின்னால் வந்தார்கள்.

அரண்மனை வாசலில் முரசு முழங்கியது. மன்னர் உப்பரிகைக்கு ஓடிவந்து கையசைத்தார். "வெற்றியா? யாரை வென்றோம்?"

வீரணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லா வாசலிலும் சொன்னதையே சொன்னான். "மிகைநாட்டு மக்களே! இந்த வீட்டுக்காரர் வாரிவழங்கியார், வாங்கிய கடனைக் கட்டாதவர்! தெரிந்துகொள்ளுங்கள்!"

கூட்டத்தின் ஓரத்தில் யாரோ அடக்கமாட்டாமல் களுக்கென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது. தெருவே சிரித்தது. கடன் மண்டபத்துக்குப் போனவர்கள் பலரிடமும் அதே போன்ற ஓலை இருந்தது. ஒவ்வொருவராக மடியிலிருந்து எடுத்து உயர்த்தினார்கள்.

அமைச்சர் மூச்சிரைக்க வெளியே வந்தார். "மூடர்களே! அரசு வாங்குவது கடன் அல்ல. அது நீங்கள் செய்த முதலீடு!"

"அப்ப நீங்க எங்களுக்குக் குடுத்தது?" என்றாள் மூக்காயி.

"அது கடன்."

"ரெண்டும் ஒரே முடிச்சுதானய்யா!"

அமைச்சர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடே மன்னரை அண்ணாந்து பார்த்தார். மன்னருக்கோ கண் கலங்கிவிட்டது. தம் பெயரை இத்தனை சத்தமாக, பட்டங்கள் ஏதும் இல்லாமல் அவர் கேட்டதே இல்லை.

"நிறுத்துங்கள்!" என்றார் மன்னர். "நீங்கள் எமக்குத் தர வேண்டியது இன்றோடு தீர்ந்தது. யாம் உங்களுக்குத் தர வேண்டியதும் ஒரு காசு குறையாமல் நாளையே வந்து சேரும்!"

வானம் அதிர்ந்தது. "வாரிவழங்கியார் வாழ்க!" என்று அதே கூட்டம் கூவியது. வீரணன் கழுதையைக் கட்டிக்கொண்டு அழுதான். மறுநாள் சொன்னபடியே காசு வந்தது. வெற்றிலைக் கடை திறந்தது. ஊரே வாய் சிவக்க மென்றது. மூன்று நாள் திருவிழா. ராசாத்திக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள்.

காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அக்கரைநாட்டு மன்னரிடமிருந்து வந்தது. ஈடாக எதை வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, மாளிகை, ஏரி, ஆறு எல்லாம் ஏற்கெனவே ஈட்டில் இருந்தன. அமைச்சர்தான் வழி சொன்னார்: "இனிமேல் பிறக்கப்போகிறவர்களை வைப்போம், மன்னா. அவர்கள் ஊர்வலம் வர மாட்டார்கள்."

மறுவருடம் தை மாதத்து நண்பகலில் சிலம்பாயிக்குக் குழந்தை பிறந்தது. வீரணன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தான். கதவு திறந்தது. தெருவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆணா பெண்ணா என்று மிகைநாட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.

"எவ்வளவு?" என்றார்கள்.

மருத்துவச்சி தொகையைச் சொன்னாள். கேட்டவர்கள் மரியாதையோடு தலையசைத்தார்கள். உள்ளே, அரண்மனையிலிருந்து வந்திருந்த அலுவலர் பிஞ்சு விரலைப் பிடித்து மையில் தோய்த்து ஓலையில் ஒற்றப் போனார்.

குழந்தை விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டது. அலுவலர் கையிலிருந்த மைக்கூடு உருண்டோடியது. கொட்டிலில் ராசாத்தி மிரண்டாள். எதிர்வீட்டுக் கைக்குழந்தை அதைக் கேட்டு அழத் தொடங்கியது. பிறகு அடுத்த வீடு. பிறகு அடுத்த தெரு.

"அப்பன் தொண்டை," என்றாள் சிலம்பாயி, களைப்போடு சிரித்தபடி.

நீராழி மாளிகையில் உணவருந்திக்கொண்டிருந்த மன்னர் தலையைத் தூக்கினார். "அமைச்சரே, அது என்ன சத்தம்?"