சம்பந்தியம்மாவின் சத்தம்

“வார்த்தை வேணாம் சம்பந்தியம்மா. சத்தத்தை மட்டும் செய்ங்க,” என்றார் காதுக்காரர்.

போனின் மறுமுனையில் தயக்கம். “இல்லண்ணா, துணியைப் பிழியறப்போ மெஷின் அப்படியே ஆடி ஆடி...”

“வார்த்தையில சொன்னா எனக்கு ஒண்ணும் விளங்காது. மெஷின் என்ன பேசுதோ அதை அப்படியே பேசுங்க.”

தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு வந்தது அது.

“ங்ங்ர்ர்ர்ர்ர்ர்... டொக்!”

காதுக்காரருக்குப் புல்லரித்துவிட்டது. கடை தொடங்கியதிலிருந்து எத்தனையோ வாய்களைக் கேட்டவர் அவர். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர் பாதியில் சிரித்துவிடுவார்கள். ஒரு வங்கி மேலாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் தன் மிக்ஸியின் சத்தத்தைச் செய்தார். ஆனால் இப்படி ஒரு சுத்தமான சத்தத்தை அவர் கேட்டதில்லை.

கடை வாசலில் ஒரு போர்டு உண்டு. ‘சத்தத்தைச் சொல்லுங்கள். கோளாறைச் சொல்கிறோம்.’ இயந்திரத்தைத் தொடாமல், கண்ணால்கூடப் பார்க்காமல், போனில் கேட்டே சொல்லிவிடுவார். கீச் என்றால் பெல்ட். டகடக என்றால் கால் மட்டமில்லை. களகள என்றால் பம்புக்குள் சட்டைப் பொத்தான். கொரகொர என்றால் பேரிங். அதனால்தான் அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்க் காதுக்காரர் என்பதே நிலைத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை மெஷினில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்கும் மெக்கானிக்குகளை அவர் கத்துக்குட்டிகள் என்பார்.

மகள் கல்யாணத்தின்போது இதையெல்லாம் சம்பந்தி வீட்டாரிடம் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தே சொல்லியிருந்தார். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்த வீட்டிலிருந்தே முதல் அழைப்பு. இதில் சறுக்கினால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசப்படி ஏறுவது?

“பேரிங் போச்சு சம்பந்தியம்மா. அந்த ‘ர்ர்ர்’ இருக்கே, அது உள்ளே இருக்கற குண்டு தேய்ஞ்ச சத்தம். ‘டொக்’ வருது பாருங்க, குண்டைப் பிடிச்சிருக்கற கூண்டு உடைஞ்சிருக்கு. நாளைக்கே வரேன்.”

போனை வைத்ததும் மனைவி முறைத்தாள். “ஒரு எட்டு போய் நேர்ல பார்த்துட்டுச் சொல்லக்கூடாதா? பொண்ணு குடுத்த இடம்.”

“பொண்ணு குடுத்த இடம்ங்கறதாலதான் போன்லயே சொல்றேன்!”

மறுநாள் சம்பந்தி அலுவலகம் போயிருந்தார். காதுக்காரர் குளியலறையில் மெஷினைப் பிரித்து, டிரம்மை வெளியே எடுத்து, பேரிங்கைத் தட்டிக் கழற்றினார். விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார். அது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“நல்லாத்தானே சுத்துது?” என்றார் சம்பந்தியம்மா தயங்கியபடி.

“கையில எடுத்தா இப்படித்தான் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்.”

புதிய பேரிங் போட்டு, துணி இல்லாமல் ஓட்டிக் காட்டினார். மெஷின் மூச்சு விடாமல் ஓடியது. காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, “எல்லாம் உங்க புண்ணியம். உங்களுக்கு இருக்கறது வாய் இல்லைங்க, டேப் ரெக்கார்டர்,” என்றார்.

சம்பந்தியம்மாவின் முகம் சிவந்தது. அந்த வீட்டில் அவருடைய சாம்பாரைக்கூட யாரும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை.

இரண்டாம் நாளே போன் வந்தது. இம்முறை சம்பந்தியம்மா வார்த்தையில் ஆரம்பிக்கவே இல்லை. எடுத்த எடுப்பில், முன்பைவிடக் கம்பீரமாக, “ங்ங்ர்ர்ர்ர்ர்ர்... டொக்!”

“அட, அதேதான்! அப்போ இது மோட்டார் பேரிங். டிரம் பேரிங் செத்ததும் இது பாடுது.”

மோட்டாரைப் பிரித்து அதன் பேரிங்கையும் மாற்றினார். கழற்றிய பழைய பேரிங்கும் நல்ல பிள்ளையாக நடித்தது. இந்த முறை துணி போட்டே ஓட்டினார். பிழியத் தொடங்கியதும் மெஷின் டகடகவென்று ஒரு பக்கம் குதித்தது.

“இதுதான்னு நெனைக்கிறேண்ணா,” என்றார் சம்பந்தியம்மா மெதுவாக.

காதுக்காரர் சிரித்தார். “இதா? இது சும்மா கால் ஆட்டம். ஒரு ஸ்பேனர் வேலை. இதுக்குப் போய் நீங்க போன் பண்ணுவீங்களா? நீங்க செஞ்சது எங்கே, இது எங்கே! அது இன்னும் உள்ளே பதுங்கியிருக்கு. முதல்ல அதைப் பிடிப்போம்.”

சம்பந்தியம்மாவுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆள் சொல்கிறாரே. தான் செய்த சத்தம் உண்மையிலேயே இதைவிட உயர்ந்ததுதான் என்றும் பட்டது. “அதுவும் சரிதாண்ணா,” என்றார்.

பதுங்கியதைத் தேடிய மும்முரத்தில் காதுக்காரர் மெஷினின் காலை மட்டம் செய்ய மறந்தே போனார். மறுபடி பிரித்து, மறுபடி பூட்டி, பெல்ட்டை ஒரு பிடி அதிகமாக இறுக்கி, குழாயை ஒரு பிடி குறைவாக இறுக்கிவிட்டு வீடு திரும்பினார்.

அடுத்த அழைப்பில் சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “அண்ணா, மெஷின் ஹாலுக்கே வந்துடுச்சு. தண்ணி வேற...”

“பதறாதீங்க. பின்னாடி என்ன அது, கீச்சு கீச்சுன்னு? டிவியா?”

“இல்லண்ணா, அதுதான் மெஷின்...”

“அதை முதல்ல நிறுத்துங்க. நீங்க செய்யறது சரியா கேட்க மாட்டேங்குது.”

மெஷின் நிறுத்தப்பட்டது. அமைதி திரும்பியது. “ங்ங்ர்ர்ர்ர்ர்ர்... டொக்!”

காதுக்காரர் போனை மெல்ல வைத்தார். இரண்டு பேரிங்கும் புதுசு. சத்தம் மட்டும் எள்ளளவும் மாறவில்லை.

“என்ன, மறுபடியுமா?” என்றாள் மனைவி.

“சாதாரண மெஷின் இல்லடி அது.”

“சாதாரண மெஷினாத்தான் இருந்துச்சு, நீங்க போற வரைக்கும்.”

விடுமுறை நாள் பார்த்துப் போனார். சம்பந்தி அன்று வீட்டில்தான் இருந்தார். “வாங்க வாங்க” என்று வாய் நிறைய வரவேற்றுவிட்டு, தன் வேலையைப் பார்க்க உள்ளே போனார். காதுக்காரர் பழைய செய்தித்தாள்களை விரித்து மெஷினை முழுசாகவே பிரித்தார். டிரம், மோட்டார், பம்பு, ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்கும் எடைக் கல் எல்லாம் ஹாலில் நடக்கக்கூட இடமில்லாமல் பரவின. சம்பந்தியம்மா பக்கெட்டில் துணி அலசிக்கொண்டே அவ்வப்போது எட்டிப் பார்த்தார்.

ஒவ்வொன்றாகச் சுழற்றினார். தட்டினார். கடைசியில், வாழ்நாளில் முதல் முறையாக, ஸ்க்ரூடிரைவரை எடுத்து வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மோட்டாரில் ஊன்றிக் காதில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் புகுந்த வீட்டின் ஹால் நடுவே, தான் குலைத்துப் போட்ட மெஷினுக்கு மத்தியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு வலித்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இத்தனை நாள் தன்னை மனுஷனாக்கி வைத்திருந்தது இந்தக் காதுதான். அது போய்விட்டால் தான் யார்?

“என் காது போச்சு சம்பந்தியம்மா,” என்றார். “நாளைக்கே போர்டைக் கழட்டிடறேன்.”

“அய்யோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணா!” சம்பந்தியம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். “ஒருவேளை நான்தான் சரியா செய்யலையோ?”

“நீங்களா? நீங்க செஞ்சதுல ஒரு குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். இந்த உலகத்துல பேரிங் சத்தத்தை உங்களை மாதிரி செய்ய ஆள் கிடையாது. கேட்டவன்தான் சரியில்ல. கடைசியா ஒரே ஒரு தடவை செய்ங்க. இந்தக் காது அதைக் கேட்டுட்டு ஓய்ஞ்சு போகட்டும்.”

சம்பந்தியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்றார். கண்ணை மூடி, இதுவரை செய்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடும்படி, வீடு அதிரச் செய்தார்.

“ங்ங்ங்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்... டொக்!”

காதுக்காரரின் கண் கலங்கியது. சந்தேகமே இல்லை. பேரிங்தான். கூண்டு உடைந்த பேரிங்.

உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த சம்பந்தி பாதி முகம் சோப்பு நுரையோடு ஹாலுக்கு வந்தார். “என்ன, யாருக்குத் தவளைக் கதை சொல்லிட்டிருக்கே?”

“தவளை இல்லீங்க. நம்ம மெஷின் போடற சத்தத்தை அண்ணாவுக்குச் செஞ்சு காட்டறேன்,” என்றார் சம்பந்தியம்மா பெருமையாக.

சம்பந்தி சிதறிக் கிடந்த மெஷினைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தரையில் இருந்த காதுக்காரரைப் பார்த்தார்.

“இவளுக்கு வர்ற சத்தமே அது ஒண்ணுதான் சம்பந்தி, உங்க மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போற வரைக்கும் சிங்கம், தவளை, ரயில் மூணும் ஒரே மாதிரிதான் கத்தும்னு நெனச்சிட்டிருந்தான்!”