சாயப்பட்டறைக் குழிமூடி வீழ்ந்த படலம்

கரணையே வாளாக, மட்டப்பலகையே கேடயமாக, சுண்ணாம்பு படிந்த தலைப்பாகையே மணிமுடியாகப் பிள்ளையார்பாளையத்துச் சந்துகளை ஆண்ட கொத்தனார் கோமான் முனிரத்தினம் வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், அம்சவேணியின் சாயப்பட்டறைக் கழிவுநீர்க் குழிக்கு அப்பெருவீரன் வார்த்த சிமெண்டு மூடி, கச்சிக் கோபுரங்கள் நிற்குமளவும் நிற்கும் என்று அவனே முழங்கினான். பதினான்காம் மாதம் அது குழிக்குள் விழுந்தது.

"இன்னாபா மூடி போட்ட? அடிப்பக்கம் தயிராட்டம் கொழகொழன்னு இருக்குது" என்றாள் அம்சவேணி.

கலவையில் மணலை அள்ளிக் கொட்டியிருப்பான் என்று தெரு பேசியது. அச்சொல் வேலாய்த் தைக்க, இருமடங்கு சிமெண்டில் இரண்டாம் மூடி வார்த்தான். அதுவும் அடிவயிறு கரைந்தது. பட்டுக்குச் சாயமேற்றும் உமாபதியே பகைவன் எனத் தெளிந்து, குகைவாயிற் சிங்கம்போல் பட்டறை வாயிலில் நின்று கர்ச்சித்தான்:

"சாயத்துக்கு வெச்சிருக்கிற ஆசிட்ட நீதான் குழியில ஊத்திக்கினு இருக்கிற. என் பேரக் கெடுக்கணும், அதான உனக்கு?"

முழங்கைவரை அரக்குநிறம் ஏறிய உமாபதி கொப்பரையிலிருந்து தலைதூக்கவில்லை.

"ஊத்தினா அடியிலதான கெடக்கும். மேல இருக்கிற மூடிய எப்படிபா தின்னும்?"

மாவீரன் குழியோரம் குப்புறப் படுத்தான். அழுகிய முட்டை நாற்றம் ஆனைப்படையாய் நாசியை மிதிக்க, குழிக்குள் தலைநீட்டி, மூடியின் அடியில் வியர்வையாய் அரும்பிய நீர்த்துளியை விரலால் தொட்டு, ஐயகோ, நாவிலும் வைத்தான்.

"புளிக்குது" என்று துப்பினான்.

அடுத்த தெரு ரசாயன வாத்தியார் யேசுதாஸ் நீல லிட்மஸ் தாளோடு வந்தார். துளி பட்டதும் தாள் சிவந்தது.

"இந்த நாத்தத்துல கந்தகம் இருக்குதுபா. மூடியோட ஈரத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க ஒட்டிக்கினு இருக்குது. காத்துல இருக்கிற ஆக்சிஜன வெச்சு அந்தக் கந்தகத்த எரிக்கிற மாதிரி எரிச்சு, அதுலதான் தெம்பு எடுத்துக்குதுங்க. மிச்சமா விடுறது கந்தக அமிலம். உன் சிமெண்ட அதான் தின்னுது."

வெயில் வேண்டாது, சோறு வேண்டாது, நாற்றத்தையே நல்விருந்தாய் உண்டு பெருகிய கோடானுகோடிச் சேனை, தன் மூடியையே பாசறையாக்கித் தன்னை இருமுறை வென்றதைக் கேட்ட முனிரத்தினம், கலவை பழுதில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தான். கொப்பரையருகே நின்ற உமாபதியைக் கண்டு தலை தாழ்ந்தான்.

"கருங்கல்ல தின்னுமா, சார்?"

"தின்னாது."

மறுநாள் குழிமேல் கருங்கல் பலகை போட்டுவிட்டு, உமாபதிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.