மாமனாரின் முட்டிப் படம்

தட்டிலிருந்த திரவத்தில் முட்டி கரைந்துகொண்டிருந்தபோதுதான், தரையில் கிடந்த பழுப்பு உறையை லேப்காரர் பார்த்தார். அதில் மாமனாரின் கொட்டை எழுத்து: "என் முட்டி. யாரும் தொடக் கூடாது."

"போச்சுடா!" என்று எக்ஸ்ரே படத்தை வெளியே இழுத்தார். எலும்பெல்லாம் போய், கண்ணாடி மாதிரி ஒரு தாள்தான் சொட்டச் சொட்ட வந்தது.

பள்ளிக்கூடத்தில் சோதனைக்கூடம் பார்த்துக்கொள்பவர் என்பதால் லேப்காரர். வெயிலில் காட்டி, நீல நிறத்தில் புகைப்படம் அச்சடிப்பது அவருடைய பைத்தியம். அதில் ஒரு வம்பு, படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். நூலகத்துக் கண்காட்சிக்கு மனைவியின் முகத்தைப் பெரிதாக அச்சடித்துத் தருவதாக வாயைக் கொடுத்துவிட்டார். அந்த அளவு ஃபிலிமோ ஆனை விலை, குதிரை விலை. கடைசியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர்தான் கை கொடுத்தார். கழித்துப்போட்ட படங்களில் பெயர் இருக்கும் மூலையை வெட்டிவிட்டு, ஒரு பெட்டி நிறையச் சும்மாவே தந்தார். கறுப்பைக் கரைத்தால் தெளிந்த தாள். அதைப் பிரிண்டரில் செருகி முகத்தை அச்சடித்தால் நெகட்டிவ்.

வீடு பெருக்கிய மனைவி, மாமனாரின் உறையைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள். படம் நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. அதற்கும் மூலை இல்லாததால் இவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அது லேசுப்பட்ட முட்டி இல்லை. அதனால் மாமனாரால் இரண்டு வருஷமாகக் கடைக்குப் போக முடியாது, மாடி ஏற முடியாது, ஒட்டடை அடிக்க முடியாது. வந்தவர்களுக்கெல்லாம் படத்தை ஜன்னலில் பிடித்துக் காட்டுவார். தினமும் காலையில் அந்த முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பது லேப்காரர். வயதான மனுஷனுக்கு இப்படித் துரோகம் செய்துவிட்டோமே!

பெட்டியைக் கிளறி வேறொரு முட்டியை எடுத்து உறையில் போட்டார். மத்தியானம் மனைவி கத்தினாள்.

"என்னங்க! அப்பா முட்டியில ஆணி எப்ப அடிச்சாங்க?"

எட்டிப் பார்த்தார். ஒன்றல்ல, மூன்று.

"அது அழுக்கு. கொடு, துடைச்சுத் தரேன்."

"துடைச்சுப் பாத்துட்டேன். போகல."

"அப்ப... சிலது நாள் ஆக ஆகத்தான் படத்துல தெரியும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயையோ, அப்ப உள்ள ஏதோ வளருது!" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். உடனே தம்பிக்குப் போன். தம்பி எலும்பு டாக்டருக்குப் போன். இன்றைக்கே புதுப் படம் எடுத்து வாருங்கள், ஆபரேஷன் தேவையா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"ஆபரேஷனா?" மாமனார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "எனக்குத்தான் இப்ப தேவலையே. இதோ பாரும்மா!" கூடத்தில் இரண்டு சுற்று நடந்தே காட்டினார்.

"நமக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு வலிய மறைக்கிறார் பாருங்க," என்று அவள் இன்னும் அழுதாள்.

மாமனாரும் தானும் மட்டும் வாடகைக் காரில் போகும்போது லேப்காரரால் தாங்க முடியவில்லை.

"மாமா, உங்க படத்தை நான்தான் அழிச்சிட்டேன். உறையில இருக்கிறது யார் முட்டின்னே தெரியாது. மன்னிச்சிடுங்க."

மாமனாரின் முகம் வெளுத்தது. மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனாப் போகுது மாப்பிள்ளை. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

இப்படியும் ஒரு மனுஷனா! லேப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இல்ல மாமா. நான் செஞ்ச தப்புக்கு உங்க கால் பலியாகக் கூடாது. புதுசா ஒரு படம் எடுத்தே தீரணும்."

நகர மாட்டேன் என்றவரைக் கைத்தாங்கலாக எக்ஸ்ரே அறைக்குள் அழைத்துப் போனார். எக்ஸ்ரேக்காரர் நிமிர்ந்தார். லேப்காரருக்குப் பின்னால் பதுங்கி நின்ற மாமனாரைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, வாங்க பெரியவரே! ரெண்டு வருஷம் முன்னாடி கழிவுப் பெட்டியில பொறுக்கிட்டுப் போனீங்களே ஒரு முட்டி, அது அதுக்குள்ளயா தேஞ்சு போச்சு?"