இரைச்சல் நாடியவளின் முக்கையெழுத்துப் பெரும்போர்

“மூணு பேரும் ஒரே ரூம்ல உட்காருங்க. இப்பவே உட்காருங்க.”

வாழ்க அந்த வாய்! எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கனவிலும் கேட்டுவிடாதே என்று சேர்க்கைப் பிரிவு அக்கா எந்தக் கோரிக்கையைக் குறித்துக் காதோடு காதாக எச்சரித்திருந்தாளோ, அதே கோரிக்கையை நடுத்தாழ்வாரத்தில் நின்று மாடிகளெல்லாம் கிடுகிடுக்க முழங்கிய அந்தப் பேரொலிப் பெருவாயை முதற்கண் வணங்கி இக்காதையைத் தொடங்குவோம். தன் குலத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவள், மிதித்த அன்றே “மெதுவா பேசும்மா, இதென்ன சந்தையா?” என்று அதட்டப்பட்டவள், ஆலையின் ஊதுசங்கும் நாணும் குரல் படைத்தமையால் வீட்டிலும் தெருவிலும் ‘சங்கு’ என்றே விளிக்கப்பட்டவள் நம் தலைவி.

அக்குரல் அவளுக்குச் சும்மா வாய்த்ததன்று. அவள் தந்தை தகடு அடிக்கும் பட்டறையில், இடியை இரும்பில் வார்த்தாற்போன்ற எந்திரச் சம்மட்டியின் காலடியில், தலைமயிர் கறுத்திருந்த நாள் முதல் வெளுத்த நாள் வரை நின்று, தம் செவிப்புலனைச் சிறுகச் சிறுகக் காணிக்கை செலுத்திய வள்ளல். அவரிடம் சாவியைக் கேட்கவும் போர்முரசக் குரல் வேண்டும். ஆகையால் அவ்வீட்டில் இரகசியம் என்பதே கிடையாது. இவர்களுக்குள் என்ன சண்டை என்பது இவர்களுக்கு மறந்துபோனாலும் எதிர்வீட்டாருக்கு நினைவிருக்கும்.

“காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாதான் எதையும் கவனிக்கிறதில்ல” என்று பட்டறை முதலாளி ஒருநாள் பல்லைக் குத்தியபடி தீர்ப்பு வழங்கினார். அன்று சங்கின் அடிவயிற்றில் மூண்ட நெருப்பை, வேறு பெண்ணாயிருந்தால் அழுது அணைத்திருப்பாள். இவள் படிக்கத் துணிந்தாள்.

அக்கல்லூரியிலே பல்துறைக் கலைப் படிப்பு என்றொரு எட்டாக்கனி தொங்கியது. மூன்று துறைகளைத் தானே தேர்ந்து, தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்து, முதலாண்டு முடிவில் விண்ணப்பிக்க வேண்டும். இரைச்சல் எப்படிப் பிறந்து எப்படிக் காதைத் தின்கிறது என்றறிய இயற்பியல். ஓசை எந்த எல்லையைத் தாண்டினால் இசை என்ற பெயரை இழக்கிறது என்றறிய இசை. தின்ற காதுக்கு எவன் பதில் சொல்ல வேண்டும் என்றறியச் சட்டம். இம்மூன்றையும் முறுக்கி ஒரு கயிறாக்கினாள் சங்கு. அதைக் கேட்ட தாய்மாமன் வாய்விட்டுச் சிரித்தார். “இரைச்சலைப் படிக்கப் போறியா? அதான் வீட்லயே இலவசமா கிடைக்குதே! பேசாம வணிகவியல் எடு, ஒரு வேலையாவது கிடைக்கும்.”

பேசாமல்! அவளிடம் போய்!

ஆயினும் மாமனின் வாக்குப் பலிக்கும் அபாயம் மெய்யாகவே இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் மூன்று துறைத்தலைவரின் கையொப்பமும் தாங்கிய விண்ணப்பம் சேர்க்கைப் பிரிவின் சாளரத்தைச் சேராவிடில், அவள் வணிகவியல் வகுப்பில் தானாகவே வீழ்வாள் என்பது விதி. தலையெழுத்து அன்று, கல்லூரி விதி.

இங்கேதான் அந்நிலத்தின் எழுதாச் சட்டம் குறுக்கே மலையாய்ப் படுத்திருந்தது. முதலில் ஒப்பமிடுபவர் மாணவிக்குப் பொறுப்பாவார். பருவந்தோறும் அவளைப் பற்றி அறிக்கை எழுதுவார். கூட்டங்களில் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு அமர்வார். கடைசியில் ஒப்பமிடுபவரோ பெரிய மனிதர் ஆவார், வேலை ஏதும் இல்லை. ஆகவே முதலில் ஒப்பமிட ஒருவரும் இசைந்திலர். கடைசியில் ஒப்பமிட மூவரும் துடித்தனர். “இசை மேடம் போடட்டும், நான் போடுறேன்” என்றார் இயற்பியல் பேரரசர். “சட்டத்துல வாங்கிட்டு வாம்மா, பாக்கலாம்” என்றார் இசைப் பேரரசி. “இயற்பியல் சார் போடாம நான் போட்டா முறையா இருக்காது” என்றார் சட்ட மாமன்னர். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும், கீழ்மாடிக்கும் பின்கட்டிடத்துக்குமாக, செக்கிழுக்கும் காளையும் கண்டு இரங்குமாறு சங்கு வலம் வந்தாள். செருப்பின் வார் அறுந்தது. பொறுமையின் வார் அதற்கு முன்பே அறுந்திருந்தது.

அக்கணமே அந்த முழக்கம்.

மூவரையும் ஒன்றாகக் கூப்பிடலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு குளிர்சாதனப் பெட்டி யார் அறைக்கு என்று முன்னொரு காலத்தில் மூண்ட போரில் உறவு முறித்துக்கொண்டவர்கள் அவர்கள். அப்பெட்டியோ இன்றும் அட்டைக்குள்ளேயே குடியிருந்து வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஆயினும் சங்கின் ஓசை கேட்டு எல்லா வகுப்பின் சன்னல்களிலும் தலைகள் முளைத்துவிட்டமையால், மானம் கருதி மூவரும் கூட்ட அறைக்குள் புகுந்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவாறு ஒருவர் மின்விசிறியையும், ஒருவர் சன்னலையும், ஒருவர் தம் கைக்கடிகாரத்தையும் கூர்ந்து ஆராய்ந்தனர்.

நடுவே விரிந்தது விண்ணப்பம், குருதி காணாத போர்க்களம்போல.

“யாரும் முதல்ல போட வேணாம்” என்றாள் சங்கு. “மூணு பேரும் சேர்ந்து போடுங்க. நான் எண்ணுறேன்.”

அண்டம் திகைத்தது! மூன்று பேனாக்களின் மூடிகள் உறையினின்று உருவப்பட்ட வாள்களென ஒலித்தன. ஒரு தாளின்மேல் மூன்று தலைகள் கவிழ, மன்னரின் மூக்குக்கண்ணாடி பேரரசியின் காதணியில் மாட்டிக்கொள்ள, பேரரசரின் முழங்கை மன்னரின் விலாவில் ஊன்றி நிற்க, “சார், கொஞ்சம் தள்ளுங்க”, “எங்க தள்றது, சுவர்க்குள்ளயா?” என வீரவசனங்கள் வெடிக்க, கூட்ட அறை கொதிகலன் ஆயிற்று. ஒன்று என்றாள், பேனாக்கள் தாழ்ந்தன. இரண்டு என்றாள், தாளுக்கு ஒரு மயிரிழை உயரத்தில் மூன்றும் உறைந்து நின்றன, மற்றவர் முதலில் தொடட்டும் என்று. தவத்திலும் அத்துணை அசைவின்மை காணக்கிடைக்காது.

கடிகார முள் ஐந்தை நோக்கி நகர்ந்தது. சங்கு மூச்சை இழுத்தாள். தந்தையிடம் சாவி கேட்டுப் பழகிய அத்தனை ஆண்டுகளையும் தொண்டைக்குள் திரட்டினாள்.

“மூணு!”

சன்னல் கண்ணாடி சிலிர்த்தது. மேசைமேலிருந்த தேநீர்க் கோப்பை தன் தட்டைவிட்டு ஓரடி பெயர்ந்தது. அதிர்ச்சியில் மூன்று கைகளும் ஒருசேரத் துள்ளி, மூன்று பேனாக்களும் ஒருசேரத் தாளில் வீழ்ந்து, பழக்கத்தின் வலிமையால் தத்தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டன. இயற்பியலின் வால் சட்டத்தின் கோட்டுக்குள் அத்துமீறி நுழைந்திருந்தது. எவர் முதல், எவர் கடை என்று எந்த நீதிமன்றமும் பிரித்தறிய இயலாது.

பொறுப்பு ஒருவர் தலையிலும் தனியே விழவில்லை என்று தெளிந்தவுடன் மூவருக்கும் அவள்மீது திடீர் வாஞ்சை பிறந்தது. இனி அவள் யாருடைய மாணவி? “ஓசைன்னாலே இயற்பியல்தான்” என்றார் ஒருவர். “அப்போ நாங்க இங்க எதுக்கு இருக்கோம்?” என்று சீறினார் இன்னொருவர். “அம்மா, முதன்மைத் துறை எதுன்னு நாங்க பேசி முடிவு பண்றோம், நீ கொஞ்சம் வெளிய நில்லு” என்றார் மூன்றாமவர், அது அவள் படிப்பு என்பதையே மறந்துவிட்ட முகத்தோடு.

வெளியில் நிற்பதற்கா பிறந்தாள் அவள்? முதன்மைத் துறை என்ற கட்டத்தில் காலையிலேயே பேருந்தின் குலுக்கலுக்கிடையில் கோணல்மாணலாக அவள் எழுதிவிட்டிருந்த ஒற்றைச் சொல்லை மூவரில் ஒருவரும் இதுவரை பார்க்கவில்லை. ‘இரைச்சல்’ என்றிருந்தது அங்கே. மோதிக்கொண்டிருந்த முழங்கைகளுக்கு அடியிலிருந்து தாளை மெல்ல உருவினாள். நன்றி சொன்னாள், அந்தப் போர்க்களத்தில் அது ஒருவர் காதிலும் விழவில்லை, அவள் வாழ்நாளில் முதன்முறையாக. அறுந்த செருப்பைக் கையில் ஏந்தி, வென்ற கொடியை ஏந்தினாற்போல, தாழ்வாரத்தை அதிரவைத்தபடி வெளியேறினாள். சாளரத்தில் அக்கா முத்திரையை ஓங்கிக் குத்திய ஓசை, சம்மட்டி ஓசைக்கெல்லாம் மறுமொழிபோல் எழுந்தது.

வாசலில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, “இடம் கிடைச்சிருச்சுப்பா” என்று சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னாள்.